ஜன்னலுக்குக் கம்பி, பாலுக்கு வலை

போன வாரம் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் கொசுவலை அடிக்க ஒரு பையன் வந்திருந்தான். டேப்பை விரித்து ஜன்னலை அளந்தவன் என்னைப் பார்த்து, "சார், வலையைக் கம்பிக்கு உள்பக்கம் அடிக்கவா, வெளிப்பக்கம் அடிக்கவா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. வெளியே அடித்தால் கதவைச் சாத்த முடியாது. உள்ளே அடித்தால் கொக்கியை மாட்டக் கை நுழையாது. கடைசியில் உள்பக்கம்தான் என்று முடிவாயிற்று. நாலு பக்கமும் ஒட்டுப் பட்டை வைத்து, வேண்டும்போது ஒரு மூலையைப் பிரித்துக் கையை விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றான்.

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி மனசில் நின்றது. நம் ஜன்னலைச் செய்தவர்கள் கம்பிக்கு இடம் விட்டார்கள், கதவுக்கு இடம் விட்டார்கள். வலைக்கு ஏன் இடம் விடவில்லை? முப்பத்தாறு வருஷம் கொசுவோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். இந்தக் கேள்வி எனக்கு அறுபது வயசில் அல்லவா வந்திருக்கிறது, எழுபத்தைந்தில் எழுதுகிறேன்.

என் உத்தியோகம் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. 1972-இல் சுகாதாரத் துறையில் பைலேரியா பிரிவில் சேர்ந்தேன். பைலேரியா என்றால் யானைக்கால். அந்த நோயின் குட்டிப் புழுக்கள் பகலில் ரத்தத்தில் தலைகாட்டுவதில்லை. ராத்திரி ஊர் அடங்கிய பிறகுதான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும். ஆகவே எங்கள் வேலை இரவு எட்டரைக்கு மேல்தான் தொடங்கும். அரிக்கேன் விளக்கோ டார்ச்சோ எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்போம். ஏச்சுக்கும் நாய்க்கும் குறைவில்லை. ஆனால் ஒரு லாபம் உண்டு. தஞ்சை ஜில்லாவில் ஜனங்கள் எங்கே படுக்கிறார்கள், எதைத் திறந்து வைக்கிறார்கள், எதைச் சாத்துகிறார்கள் என்பதை என்னைப் போலப் பார்த்தவர்கள் குறைவு.

நான் பார்த்தது இதுதான். வாசல் கதவு மூன்று தாழ்ப்பாளோடு கனமாக இருக்கும். ஜன்னலில் கட்டைவிரல் பருமனுக்கு இரும்புக் கம்பி. முற்றத்துக்கு மேலே கம்பி அழி. மாட்டுத் தொழுவத்துக்கும் ஒரு படல். எல்லாம் திருடனுக்கும் குரங்குக்கும். கொசுவுக்கு என்று ஒன்றும் கிடையாது. சாயங்காலம் வேப்பிலையும் நொச்சியும் போட்டு ஒரு புகை, அவ்வளவுதான். வசதியான வீடுகளில் கட்டிலுக்கு மேலே ஒரு வலை தொங்கும். பிள்ளை பெற்றவள் இருந்தால் குழந்தைக்குக் குடை மாதிரி ஒரு சின்ன வலை.

ஆனால் ஒரு விஷயம். கிட்டத்தட்ட எல்லா நடுத்தர வீட்டுச் சமையலறையிலும் கம்பிவலை அடித்த ஒரு அலமாரி இருந்தது. பாலும் தயிரும் மிச்சம் மீதியும் அதற்குள்தான். நாலு காலுக்கும் கீழே நாலு கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர், எறும்பு ஏறாமல் இருக்க. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பச்சை வர்ணம் பூசியது. வலையின் வழியாகத் தாத்தா கை நீட்டாமலே தயிர் உறைந்ததா என்று பார்ப்பார். பாலுக்குக் காற்று வேண்டும், பூச்சி கூடாது, அதற்கு வலைதான் வழி என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அதே வலையைப் பத்தடி தள்ளி ஜன்னலில் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதை அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் தயாரில்லை. ஜன்னல் என்பது நமக்கு எதற்காக இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஜன்னல் என்ற சொல்லே நம்முடையது அல்ல. போர்த்துகீசியரின் 'ஜனேலா' நம் நாக்கில் ஜன்னல் ஆயிற்று. மேசை, சாவி, அலமாரி எல்லாம் அப்படிக் கப்பலில் வந்தவைதான். அதற்கு முன்னால் நமக்கிருந்த பழைய சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு மானின் கண் போன்ற காலதர்கள் இருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். வெளிச்சமோ வேடிக்கையோ அல்ல, காற்றைச் சொல்லித்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோடையில் காவிரிக்கரையில் ஒரு ராத்திரி படுத்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும்.

காற்றுக்காகவே கட்டிய வீடு என்றால் அதன் நடுவில் முற்றம் இருக்கும். முற்றம் என்பது வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு பெரிய ஓட்டை. சூடான காற்று மேலே போகும், ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். அந்த ஓட்டையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு மட்டும் வலை அடித்து என்ன பயன்? வாசலை அடைத்துவிட்டுக் கொல்லையைத் திறந்துவைத்த கதைதான். ஜன்னல் வலை என்பது பெட்டி போல நாலு பக்கமும் மேலேயும் மூடிய வீட்டுக்குத்தான் சரிப்படும். நம்முடையது பெட்டி வீடு அல்ல. திண்ணையில் ஆண்கள், கூடத்தில் பெண்கள், மொட்டைமாடியில் பிள்ளைகள் என்று வீடு முழுக்கப் படுக்கை. காக்க வேண்டுமானால் படுக்கையைத்தான் காக்க முடியும். ஒன்பது பேர் உள்ள வீட்டில் ஒன்பது வலைக்கு எங்கே போவது?

வலைக்குள் படுப்பது பழங்காலத்து வழக்கம்தான். சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னால் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், எகிப்தில் நைல் கரைச் சதுப்பு நிலத்து ஜனங்கள் பகலில் மீன் பிடித்த வலையையே ராத்திரி படுக்கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள் என்று எழுதியிருக்கிறார். ஜப்பானில் 'கயா' என்று ஒன்று. கட்டில் அளவுக்கு அல்ல, ஓர் அறை அளவுக்கு. பச்சைச் சாயம் தோய்த்த பெரிய வலையை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, குடும்பமே அதற்குள் பாய் விரித்துப் படுக்கும். காகிதக் கதவை நகர்த்தித் திறந்து தோட்டத்துக் காற்றை உள்ளே விடுகிற வீடு அது. அவர்களுக்கும் சுவரைக் காப்பது முடியாத காரியம், படுக்கையைத்தான் காத்தார்கள். நாம் இன்றைக்கும் கொளுத்துகிற கொசுவர்த்திச் சுருளும் அந்த ஊர்க் கண்டுபிடிப்புதான். ஒசாகாப் பக்கத்து உயேயாமா என்ற வியாபாரி முதலில் குச்சியாகச் செய்தாராம். அது சீக்கிரம் எரிந்துவிடவே, பாம்பு மாதிரி சுருட்டினால் என்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி.

வேறு நாடுகளில் ஜன்னலுக்குத் தடுப்பு இருந்தது. ஆனால் பூச்சிக்காக அல்ல. கெய்ரோவில் 'மஷ்ரபியா' என்று மரக் கடைசலில் பின்னிய ஜன்னல் கூண்டுகள் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற பெண் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவன் அவளைப் பார்க்க முடியாது. மண் குடத்தில் தண்ணீர் வைத்தால் அந்தக் காற்றில் சில்லென்று ஆகும். குடிப்பது என்ற பொருளுள்ள அரபு வேர்ச்சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஜெய்ப்பூர் ஹவா மஹாலும் அதே ஜாதி. 1799-இல் சவாய் பிரதாப் சிங் கட்டியது, 953 சின்னச் சின்ன ஜன்னல்கள், அரண்மனைப் பெண்கள் ஊர்வலம் பார்ப்பதற்கு. அந்தக் கண்கள் வழியாகக் கொசு குடும்பத்தோடு போய் வரலாம். மனுஷக் கண்தான் நுழையக் கூடாது.

இங்கிலாந்தில் கம்பியும் இல்லை, வலையும் இல்லை, கண்ணாடிதான். குளிர் நாடு, வெளிச்சம் அருமை. அந்த இங்கிலீஷ்காரர்கள்தான் இங்கே வந்து நமக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி, காற்றுக்குப் பங்கா, கட்டிலுக்குக் கொசுவலை என்று நம் சரக்கை எடுத்துக்கொண்டார்களே தவிர, ஜன்னல் வலை அவர்களுக்கும் பிறவியிலேயே தெரிந்த விஷயம் அல்ல.

அப்படியானால் ஜன்னல் வலை எங்கே பிறந்தது? அமெரிக்காவில். அது பிறந்த கதையில் நம் சமையலறை வாசனை அடிக்கிறது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில் கில்பர்ட் அண்ட் பென்னெட் என்று ஒரு கம்பெனி. முதலில் குதிரை மயிரில் சல்லடை பின்னி விற்றார்கள், பிறகு கம்பியில். 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநில வியாபாரம் நின்றுபோயிற்று. சல்லடைக் கம்பி வலை மலை மாதிரி தேங்கிவிட்டது. துருப்பிடிக்காமல் இருக்க அதற்குச் சாம்பல் வர்ணம் பூசி, ஜன்னலுக்கு அடியுங்கள் என்று விற்கத் தொடங்கினார்கள் என்பது அந்த ஊர்க் கதை. விற்காத மாவுச் சல்லடைதான் ஜன்னலுக்குப் போயிருக்கிறது! அப்போது கொசுவால் நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஈத்தொல்லைக்கும் கடிக்கும்தான் அடித்தார்கள்.

அங்கே அது நிலைத்ததற்கு அந்த ஊர் ஜன்னலும் ஒரு காரணம். அமெரிக்க ஜன்னல் கதவு போலத் திறப்பதில்லை. கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்க வேண்டும். வெளிப்பக்கம் சும்மா கிடக்கும். அங்கே ஒரு வலைச் சட்டத்தை மாட்டிவிடலாம். குளிர்காலம் வந்தால் வலைச் சட்டத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு கண்ணாடிச் சட்டம், கோடை வந்தால் மறுபடி வலை. என் வீட்டுக்கு வந்த பையன் கேட்ட கேள்வியே அங்கே எழாது.

கொசுவுக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட்டது அதற்குப் பிறகு. 1872-இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்ற டாக்டர் மனித ரத்தத்தில் பைலேரியாக் குட்டிப் புழுக்களைப் பார்த்தார். 1877-இல் சீனாவில் ஆமாய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன், அந்தப் புழு உடம்பில் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்க விட்டு, கொசுவின் உடம்புக்குள் புழு வளர்வதைக் கண்டார். ராத்திரியில்தான் புழு வெளியே வரும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். நான் முப்பது வருஷம் தூக்கம் கெட்டதற்கு மூல காரணம் அந்த மனுஷர்! 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தது எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்தது 1900-ஆம் வருஷத்துக் கதை. இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் ஆஸ்டியா என்ற சதுப்பு நிலம். மலேரியாவுக்குப் பேர் போன இடம். அங்கே ஏஞ்சலோ செல்லி என்ற இத்தாலிய டாக்டர் ஏற்கெனவே ரயில்வே தொழிலாளிகளின் வீடுகளுக்குக் கம்பிவலை அடித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். மேன்சன் தன் பங்குக்கு ஒரு மரவீட்டைச் செய்து அனுப்பினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் வலை. அதில் சாம்பன், லோ என்ற இரண்டு டாக்டர்களும் டெர்சி என்ற ஓவியரும் ஜூலை முதல் அக்டோபர் வரை தங்கினார்கள். பகலில் ஊரெல்லாம் சுற்றுவார்கள். மழையில் நனைவார்கள், அந்த ஊர்த் தண்ணீரையே குடிப்பார்கள். சூரியன் சாய்வதற்குள் வலைக்குள் வந்துவிட வேண்டும், விடிந்த பிறகுதான் வெளியே போகலாம். இதுதான் ஒரே நிபந்தனை. கொய்னா மாத்திரை கிடையாது. சுற்றி இருந்த ஜனங்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று காலங்காலமாகச் சொன்னது பொய்யாயிற்று. வலை வழியாகக் காற்று தாராளமாகத்தான் வந்தது. வராதது கொசு மட்டும்.

அதே லோதான் அதே 1900-இல் லண்டனில் இன்னொன்றையும் காட்டினார். பைலேரியாப் புழு கொசுவின் ஊசி மூக்கிலேயே வந்து காத்திருக்கிறது, அது கடிக்கும்போதுதான் நமக்கு ஏறுகிறது என்று. அதற்கு முன்னால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று மேன்சனே நம்பியிருந்தார்.

பனாமாக் கால்வாயில் இது பெரிய அளவில் நடந்தது. 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் வெட்ட முயன்று, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் இருபதாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தார்களாம். அந்தத் தண்ணீரிலேயே கொசு முட்டையிட்டது. ஜன்னலில் வலை இல்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பச்சை அலமாரியும் அதன் நாலு கிண்ணமும் கண்முன் வந்து நின்றன. 1904-இல் அமெரிக்காவின் டாக்டர் கார்காஸ் அங்கே போனார். தேங்கிய தண்ணீரை ஒழித்தார், எண்ணெய் தெளித்தார், கட்டடங்களுக்குச் செம்புக் கம்பிவலை அடித்தார். இரும்பு அந்த ஈரத்தில் தாங்காது. 1914-இல் கால்வாயில் கப்பல் போயிற்று.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் நாங்கள் இருந்தது கூடமும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு. தெருவில் திறந்த சாக்கடை. பைலேரியாக் கொசு அந்தச் சாக்கடைத் தண்ணீரில்தான் பெருகும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே அம்மாவின் இடது கால் வீங்கியிருந்தது. வருஷத்தில் நாலைந்து தடவை நடுக்கிக் காய்ச்சல் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். மூன்று நாள் படுத்துவிட்டு எழுந்திருக்கும்போது கால் இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும். புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடப்பாள். கல்யாணம் கார்த்திகைக்குப் போவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டாள்.

1967-இல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். யானைக்கால் உள்ள வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிற காலம். பரம்பரையாக வரும் என்று பயம். அதற்கு முந்தின நாள் அப்பா கடைத்தெருவுக்குப் போய்க் கெட்டியான துணியில் ஒரு திரை வாங்கி வந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நிலையில் மாட்டினார். நீலத்தில் வெள்ளைப் பூ. அம்மா அதற்குப் பின்னால் இருந்தாள். பஜ்ஜித் தட்டும் காபியும் திரைக்கு இந்தப் பக்கம் கை மட்டும் நீண்டு வந்தன. மாப்பிள்ளையின் அம்மா, "உங்க வீட்டுக்காரம்மா எங்கே?" என்று கேட்டதற்கு அப்பா, "கொஞ்சம் காய்ச்சல், படுத்திருக்கா" என்றார். அவள் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் பெண் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தத் திரையைக் கழற்றவே இல்லை. யார் வந்தாலும் அம்மா அதற்குப் பின்னால் போய்விடுவாள். எங்கள் வீட்டில் கதவுக்கு என்று ஒரு திரை வாங்கியது அந்த ஒரு தடவைதான். அது கொசுவைத் தடுக்க அல்ல, கொசு செய்ததை மறைக்க.

நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே எங்கள் தெருவில் ராத்திரி சர்வே வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நானே ரத்தம் எடுத்தேன். மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தால் அம்மாவின் கண்ணாடித் துண்டில் புழு இல்லை. கால் வீங்கிய நிலையில் பெரும்பாலும் அப்படித்தான், ரத்தத்தில் அகப்படாது. என்னுடையதில் இருந்தது. நுண்ணோக்கியில் என் பெயர் எழுதிய துண்டில் அது நெளிவாகக் கிடந்ததைப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. பன்னிரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டேன். முதல் நாள் காய்ச்சல் அடித்தது, புழு சாவதால் வருவது. எனக்கு அத்தோடு போயிற்று. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்குத் தெரிஞ்சுபோச்சு, தப்பிச்சே. எனக்கு யாருடா வந்து பாத்தா?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஊரெல்லாம் போய், சாக்கடையைத் தேங்க விடாதீர்கள், செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கு வலைத்துணி கட்டுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை போடுங்கள் என்று சொன்னேன். என் வீட்டில் அம்மாவுக்கு ஒரு வலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் படுத்தாள். "காத்தே வரலடா, மூச்சு முட்டுது" என்று மடித்துப் பரணில் போட்டுவிட்டாள். அதற்குள் மின்விசிறியும் வந்துவிட்டது. மேலே விசிறி சுற்றினால் வலைக்குள் பாதிக் காற்றுதான் வரும், இது நிஜம். நம் வீடுகளில் கொசுவலையை ஒழித்ததில் மின்விசிறிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அனுபவம். நானும் வற்புறுத்தவில்லை. அம்மா 1987-இல் போய்விட்டாள். கடைசி வரை காய்ச்சல் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, 2010-இல் நியூ ஜெர்சியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனோம். ஜூன் மாதம். முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கைக்கெட்டும் உயரத்தில் ஜன்னல், அதில் ஒரு கம்பி கூட இல்லை. "மாப்பிள்ளை, யாராவது உள்ளே வந்துட்டா?" என்று கேட்டேன். சிரித்தார். "மாமா, அதான் வலை இருக்கே" என்றார். விரலால் தட்டினால் கிழிந்துவிடும் போல ஒரு வலை! அதை நம்பி ஊரே தூங்குகிறது. நம் ஊர்க்காரன் வந்தால் கம்பி எங்கே என்று தேடுகிறான். அவர்கள் நம் ஊருக்கு வந்தால் வலை எங்கே என்று தேடுவார்கள்.

மறுநாள் சாயங்காலம் கொல்லைப்பக்க வலைக்கதவின் உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஸ்பிரிங் வைத்த கதவு, விட்டால் படாரென்று சாத்திக்கொள்ளும். வெளியே புல்வெளியில் மின்மினி. காற்று வருகிறது. வலையின் மறுபக்கம் நாலைந்து கொசு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வரப் பார்க்கிறது, முடியவில்லை. என் பேத்தி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள், காலை நீட்டிக்கொண்டு. அந்த நாட்டில் 1951-இல் மலேரியாவை ஒழித்துவிட்டார்கள். மருந்து, வடிகால், டி.டி.டி. எல்லாம் சேர்ந்துதான். ஆனால் அதற்கும் முன்பே தெற்கு மாநிலங்களில் டென்னசி நதித் திட்டத்துக்காரர்கள் ஏழைக் குடிசைகளுக்குக் கூட வலை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதவின் முன்னால் நின்று, நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட திரையை நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொசு கடித்துத்தான் யானைக்கால் வருகிறது என்று 1900-லேயே தெரியும். அம்மா பிறந்தது 1926-இல். கம்பிவலை எங்கள் சமையலறையிலேயே இருந்தது, அவள்தான் தினம் துடைப்பாள். வலையும் இருந்தது, விஷயமும் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் சந்திக்கவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்றால், முற்றம் திறந்த வீட்டில் அது மட்டும் போதாது என்று என் உத்தியோக புத்தி சொல்கிறது. சின்ன வயசிலிருந்தே படுக்கைக்கு ஒரு வலை இருந்திருந்தால் பெருமளவு தப்பித்திருக்கலாம். இந்த நோய் ஒரு கடியில் வருவதில்லை, வருஷக்கணக்கில் கடிபட்டு வருவது.

இப்போது முற்றங்கள் மூடப்பட்டுவிட்டன. நம் வீடுகளும் பெட்டி வீடுகளாகிவிட்டன. ஜன்னல் வலைக்கு இப்போதுதான் அர்த்தம் வந்திருக்கிறது. அதுவும் டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. பகலெல்லாம் கட்டில் வலைக்குள் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனாலும் இன்றைக்குக் கட்டுகிற புது வீட்டில்கூடக் கம்பியை முதலில் வெல்டு செய்துவிட்டு, குடி வந்து கடி பட்ட பிறகு வலைக்காரனைக் கூப்பிடுகிறோம். வீடு கட்டுகிறவர்கள் நிலை செய்யும்போதே ஆசாரியிடம் வலைக்கு ஒரு தனிச் சட்டத்துக்கு இடம் விடச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 16 கண் உள்ள வலை வாங்குங்கள், காற்றும் ஓரளவு வரும், கொசுவும் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூசி துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலை சுவராகிவிடும்.

வலை அடித்த பையனுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு மாடி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "காத்தே வரலையே" என்றாள். அம்மா சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை நான் விடவில்லை. "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்லி விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தேன்.